பூவாடைக்காரிக்கு ஒரு நாற்காலி

லாலாகுடா ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்போது எழுந்துவிடுவேன். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவுவேன். தை மாதத்தில் அந்தத் தண்ணீர் பல்லில் பட்டால் கூசும். சவரம் செய்துகொள்வேன். அடுப்பு மூட்டுவதில்லை. சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் கட்டையில் தூக்குப் பாத்திரம் வைக்கும் சத்தம் வரும். கதவில் ஒரு தட்டு. நான் திறப்பதற்குள் தங்கம் சந்து முனை திரும்பியிருப்பாள். பாத்திரத்தில் கேழ்வரகுக் களி இருக்கும், ஒரு பக்கம் கீரைக் கடைசல். நின்றபடியே சாப்பிடுவேன். கழுவி, ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைப்பேன். கதவைப் பூட்டிக்கொண்டு மெட்டுகுடாவிலிருந்து சிகந்தராபாத்துக்கு நடப்பேன். அங்கே ரயில்வே கணக்கு ஆபீசில் எனக்கு வேலை.

முன்பெல்லாம் தங்கம் உள்ளே வருவாள். மெட்ரிக் படிக்கிறாள். அல்ஜீப்ராவில் சந்தேகம் கேட்பாள். சொல்லிக் கொடுத்தால் புரிந்துவிட்டது என்பதைத் தெலுங்கில் சொல்லுவாள். கல்யாணப் பேச்சு எழுந்த பிறகு வருவதில்லை. தட்டிவிட்டு ஓடிவிடுகிறாள்.

தங்கம் என் மனைவியின் தங்கை. என் மனைவி மங்கையர்க்கரசி ஆவணியில் செத்துப்போனாள். பிரசவத்தில். குழந்தையும் பிழைக்கவில்லை.

மங்கையின் அப்பா, என் மாமா கோவிந்தராஜன், ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பிரிவு. பாய்லர் தகட்டில் சம்மட்டி அடித்து அடித்துக் காது போய்விட்டது. அத்தை தாயம்மாளுக்குக் குடியாத்தம் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து மெட்டுகுடாவில்தான் இருக்கிறாள். ஆனாலும் அவள் பேச்சு குடியாத்தத்தை விட்டு நகரவில்லை. நடுவில் இந்த ஊர் உருதுவின் ஹவ்வும் நக்கோவும், அதாவது ஆமாமும் வேண்டாமும், கொஞ்சம் சேர்ந்துகொண்டதோடு சரி.

எனக்கும் தங்கத்துக்கும் நாள் குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். குளிருக்குக் கணப்புச் சட்டியில் கரி போட்டு நடுவில் வைத்திருந்தார்கள். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“மாசியில மொத மூர்த்தத்துல வெச்சிக்கலாமான்னு மாமா கேக்கறாரு மாப்ளே.”

மாமா எதுவும் கேட்கவில்லை. மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க இஷ்டம் அத்தை” என்றேன். ஆவணியிலிருந்து யார் எதைக் கேட்டாலும் நான் சொல்லும் பதில் அது. காப்பி வேண்டுமா என்றாலும் அதுதான்.

“எங்க இஷ்டம் இன்னா கீது? அவ இஷ்டம் வோணும். பூவாடக்காரிய கேக்காம பந்தக்காலு நட முடியுமா?”

பூவோடும் மஞ்சளோடும் செத்துப்போகும் பெண் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. வட ஆற்காட்டு வழக்கம். வீட்டில் அடுத்த கல்யாணம் நடக்கும் முன்னால் அவளுக்குப் புதுப் புடவையும் பூவும் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். படைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவள் வந்து சாப்பிடுவாள். படைத்தது அவளுக்கு ஒப்பானால்தான் கல்யாணம். புடவையைப் பிறகு கல்யாணப் பெண் கட்டிக்கொள்ளுவாள்.

“அவளுக்கு இன்னா வெச்சிப் படைக்கறது?” என்று அத்தை கீரையைக் கேட்பதுபோல் கேட்டாள்.

“அக்காவுக்குக் கருவாட்டுக் கொழம்புதானே இஷ்டம்?” என்றது தங்கத்தின் குரல், உள்ளே இருந்து.

“அது தின்னது. வாயும் வயிறுமா கீறசொல்ல ஆசப்பட்டு திங்காம போனது எது? அத்தத்தான் வெக்கணும். எங்கையில அவ கடசியா பேசனதே அதான். ‘ஏரிக்கர ஓட்டல்ல அப்டி இன்னாத்தத்தான் துன்றாங்களோ, ஒரு நாளு பாக்கணும்மா’ன்னா. மறுநாளே வலி கண்டுடுச்சி.”

ஏரிக்கரை ஓட்டல் என்பது ஸீ-ஃபேஸ் ஹோட்டல். பம்பாயிலிருந்து வந்த ஒரு பார்ஸி சேட் ஹுசேன் சாகர் கரையில் கட்டியது. கடலைப் பார்க்க இங்கிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போக வேண்டும். சேட்டுக்கு அது பொருட்டில்லை. வாசலில் ஒரு நங்கூரம் புதைத்திருந்தார். ஊழியர்களுக்கு மாலுமித் தொப்பி. வாரம் ஒருமுறை பம்பாயிலிருந்து ஐஸ் பெட்டியில் கடல் மீன் வரும். மங்கை கடலைப் பார்த்ததில்லை. அந்தக் கரையில் நடக்கும்போது, “கடலுன்னா இதானே? பேர்லயே சாகர்னு கீதே, இன்னும் இன்னா வோணும்?” என்பாள். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேஜைகள் தெரியும். பார்ப்போம். நடப்போம். அவ்வளவுதான்.

“இன்னாது, ஓட்டலா?” என்று மாமா கத்தினார். “கைக்கு? எதுக்குன்றேன்? தொரையும் நவாபும் துன்ற எடம் அது! அங்க போயி நம்ப சாமிய கும்புடுவியா?”

“அரிசி இல்லன்னா காதுல வியாது. இது மட்டும் வியுந்துச்சா?” என்றாள் அத்தை.

எதிர் வரிசையிலிருந்து சூசைராஜைக் கூட்டி வந்தார்கள். அவர் ஸீ-ஃபேஸில் ஹெட் பட்லர். வீட்டில் பனியனோடு இருந்தாலும் முதுகு வளையாது. அத்தை விஷயத்தைச் சொன்னாள். ஒரு தூக்கு வாளியில் வாங்கி வந்தால் போதும் என்றாள்.

“வெளியில குடுத்தனுப்ப மாட்டாங்கக்கா. அது மெஸ்ஸு இல்ல. வந்து ஒக்காந்துதான் சாப்புடணும்.”

“அப்ப வந்து ஒக்காரறோம்.”

சூசைராஜ் என்னைப் பார்த்தார். நான் கணப்பைப் பார்த்தேன்.

“புதன்கெழம மத்தியானம் வாங்க” என்றார் சூசைராஜ். “கூட்டம் இருக்காது. சேட்டு தூங்கப் போயிருவாரு. ஜன்னலோரம் டேபிள் போடறேன். சார் கோட்டு போட்டுக்கணும். நீங்க எப்டி வந்தாலும் சரி. ஆனா செருப்ப வாசல்ல கழட்டிப் போட்டுராதீங்கக்கா, அதென்ன கோயிலா?”

“கற்பூரம் கொளுத்தலாமா?”

“நக்கோ அக்கா. சேட்டுக்கும் நெருப்புதான் சாமி. அதுக்காக டேபிள் மேல ஏத்துனா என் வேலை போயிரும்.” பிறகு கேட்டார்: “எத்தினி பேரு?”

“நாலு.”

“அண்ணனும் வர்றாரா?”

“அவுரு வரல. நாங்க மூணு பேரு. அவ ஒருத்தி.”

சூசைராஜ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். “நாலு” என்றார்.

புதன்கிழமை நான் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டேன். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அந்துருண்டை வாடை அடித்தது. தோள் தொங்கியது. நான் இளைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஜட்காவில் அத்தையும் தங்கமும் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் முன்னால், வண்டிக்காரன் பக்கத்தில். அத்தையின் மடியில் ஒரு துணிப் பை. அதில் புதுப் புடவை, கனகாம்பரம், மஞ்சள் குங்குமம். தங்கம் பாவாடை தாவணியில் வந்தாள். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எவ்வளவு பேசுகிறவள் என்பது எனக்குத் தெரியும். கரை மேல் ஏறியதும் ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. வெயில் இருந்தும் குளிர்ந்தது. ஓர் இடத்தில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரன் அதை உருதுவில் கெஞ்சினான்.

“பாருங்க மாப்ளே, கெஞ்சறதக்கூட மரியாதயா கெஞ்சறான்” என்றாள் அத்தை. “எங்க வூட்டு மனுசன் எங்கிட்ட ஒரு நாளு இப்டிப் பேசியிருப்பாரா?”

சூசைராஜ் சொல்லியும் அத்தை செருப்பை நங்கூரத்தின் பக்கத்தில் கழற்றிவிட்டாள். “எம் பொண்ணுக்குப் படைக்கற எடத்துல செருப்போட எப்டி வருவேன்?” தங்கம் குனிந்து தன் செருப்பையும் கழற்றினாள். நான் மட்டும் பூட்ஸோடு நடந்தேன்.

உள்ளே உயரமான கூரை. ஒரு மூலையில் போலாரத்து ராணுவ அதிகாரிகள் இரண்டு பேர், இன்னொரு மூலையில் ஷெர்வானி அணிந்த ஒரு பெரியவர். அவர்கள் பேசுவது கேட்கவில்லை. பீங்கானில் வெள்ளி படும் சத்தம் மட்டும் வந்தது. சூசைராஜ் வெள்ளைக் கோட்டு, இடுப்பில் பட்டையோடு வந்து எங்களை யாரென்றே தெரியாதவர்போல் குனிந்து வரவேற்றார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஜன்னலோர மேஜை. நாலு நாற்காலி. அத்தை நாலாவது நாற்காலியில் புடவையை வைத்தாள். அதன் மேல் பூ. ஓரத்தில் மஞ்சள் தடவினாள். பரிமாற வந்தவர் யூசுப் என்ற நடுவயதுக்காரர். யாரோ சாமானை நாற்காலியில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, எடுத்துப் பத்திரமாக வைக்கட்டுமா என்று கை நீட்டினார்.

“நக்கோ பாய், நக்கோ!” என்று அத்தை அதட்டினாள். “ஆள் பைட்டா ஹை.”

யூசுப் நாற்காலியைப் பார்த்தார். ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்கிறார்கள். அவர் அந்தப் பக்கமும் ஒரு கரண்டி, ஒரு முள்கரண்டி, ஒரு கத்தி வைத்தார். வைத்துவிட்டு நாற்காலிக்கும் சேர்த்துத் தலை குனிந்தார்.

முதலில் சூப் வந்தது. அத்தை ஒரு வாய் உறிஞ்சினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“மாப்ளே, இது நம்ப மொளவுத்தண்ணி.”

“ஆமா அத்தை. இங்கிலீஷ்ல முல்லிகடானி. பேரும் அதுதான்.”

“சொரம் வந்தா வெக்கறது. இதுக்கா இத்தினி வெளக்கு, இத்தினி கண்ணாடி?” கொஞ்சம் யோசித்தாள். “உப்பு கம்மி. அவ இருந்தா சொல்லியிருப்பா.”

தங்கம் சூப்பில் கரண்டியைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் என் கிண்ணத்தைக் காலி செய்தேன். சூடாக இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை. நாலாவது கிண்ணம் ஆறி, மேலே ஆடை கட்டியது. யூசுப் எல்லாவற்றையும் எடுத்தபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சூப் அவளுக்குப் படையல் கணக்கில் வரவில்லை. வீட்டில் வைக்கிறதுதானே.

பிறகு மீன். பம்பாய் வவ்வால், முழுசாக, வெண்ணெயில் வாட்டியது. பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு, பச்சைப் பட்டாணி, சின்ன உருளைக்கிழங்குகள். அத்தை தன் தட்டைத் தொடவில்லை. நாலாவது தட்டைச் சரி செய்தாள். மீனின் தலை இடது பக்கம் வரும்படி திருப்பினாள். கத்தி ஒரு பக்கமும் முள் ஒரு பக்கமும் கிடப்பதை அவள் கண் ஏற்கவில்லை.

“புள்ளத்தாச்சி துன்ற எடத்துல கத்தி இப்டி வாயத் தொறந்துகினு கெடக்கலாமா?”

இரண்டையும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒன்றோடொன்று சேர்த்து நேராக வைத்தாள். கண்ணாடி டம்ளரிலிருந்து உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி, தட்டைச் சுற்றி விட்டாள். வெள்ளைத் துணியில் ஈர வட்டம் விழுந்தது.

“இப்ப கதவ சாத்தணும்” என்றாள் மெதுவாக. “இங்க எங்க சாத்தறது? எல்லாரும் அந்தாண்ட திரும்பிக்கோங்க. அவ சாப்புடட்டும். எட்டிப் பாக்கக் கூடாது.”

மூன்று பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம். ஏரி பழுப்பாக இருந்தது. காற்று அடங்கிவிட்டிருந்தது, ஒரு பாய்மரப் படகு ஓர் இடத்திலேயே நின்றது. எதிர்க்கரையில் வண்ணார் உலர்த்திய துணிகள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. அத்தையின் உதடு அசைந்துகொண்டிருந்தது. “வாம்மா. வந்து துன்னு. அம்மா பாக்கல.” கண்ணாடியில் நாலாவது நாற்காலியின் நிழல் தெரியுமோ என்று நான் தேடினேன். தெரியவில்லை. வெளிச்சம் வெளியில் இருந்தது.

“போதும்” என்றாள் அத்தை. திரும்பினோம்.

தட்டு இல்லை.

அத்தையின் முகத்தில் வந்த மாதிரி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. வாய் பிளந்தாள். கை இரண்டும் கூப்பத் தொடங்கின. அதற்குள் தங்கம் சமையலறைக் கதவுப் பக்கம் பார்த்துவிட்டாள். அத்தையும் பார்த்தாள். யூசுப் அந்தத் தட்டை உள்ளே எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். மீன் அப்படியே இருந்தது.

“எலைய எடுத்துட்டான்” என்றாள். “எம் பொண்ணு ஒக்காந்து துன்னுகினு கீறசொல்ல எலைய எடுத்துட்டான்டீ!”

எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். வெறுங்காலோடு அந்த வழவழத் தரையில் ஓடி, சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு முன்னும் பின்னும் ஆடி நின்றது.

கத்தியையும் முள்ளையும் சேர்த்து வைத்தால் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று அர்த்தம். யூசுப் தன் வேலையைச் செய்தார்.

நானும் தங்கமும் உட்கார்ந்திருந்தோம். கல்யாணப் பேச்சுக்குப் பிறகு நாங்கள் தனியாக இருப்பது அதுதான் முதல் தடவை.

“மாமா” என்றாள். மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “பயம் வேஸ்தோந்தி மாமா.”

“எதுக்கு?”

“உங்கமேல இல்ல. நீங்க நல்லவங்க. அம்மா சொல்றாங்க, நான் ஒத்துக்கலன்னா வேற எவளோ அந்த வீட்டுக்கு வருவாளாம், அக்கா சாமான எல்லாம் எடுத்துக்குவாளாம். அதுக்கு நான் என்ன சொல்றது?” மூச்சு விட்டாள். “அக்கா கத்துனது எனக்குக் கேட்டுச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னிருந்தேன். நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் இருந்தீங்க. என்னை யாரும் பாக்கல. கணக்குப் போடறப்போகூட அந்தச் சத்தம் வருது. எனக்கும் அப்படித்தானே ஆகும்? ஒரு வருஷத்துல? அம்மாகிட்ட சொன்னா, அக்காவை அவமானம் பண்றியான்னு அடிக்கறாங்க.”

“அடிக்கிறாங்களா?”

“ஒரு தடவ.”

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒங்க இஷ்டம் என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்குள் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்.

கதவு திறந்தது. சூசைராஜ் அத்தையைத் தோளில் கை வைத்து அழைத்து வந்தார். இன்னொரு கையில் அந்தத் தட்டு. பின்னால் யூசுப், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

“அவன் வேணும்னு செய்யலக்கா. எங்க தொழில்ல அப்டித்தான். ரெண்டையும் ஒண்ணா வெச்சீங்கன்னா சாப்ட்டாச்சுன்னு அர்த்தம். நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க.”

“நானா சொன்னேன்?”

“கையால சொன்னீங்க.”

“முஜே மாலூம் நை தா மா” என்றார் யூசுப், தெரியாமல் செய்துவிட்டாராம். அவர் கண் கலங்கியிருந்தது. உள்ளே அத்தை என்ன சொன்னாளோ தெரியவில்லை.

அத்தை உட்கார்ந்தாள். சூசைராஜ் தட்டைப் பழைய இடத்தில் வைத்தார். கத்தியை ஒரு பக்கம், முள்ளை ஒரு பக்கம். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

“அப்ப அவ வாணாம்னு சொல்லல.”

தட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“எம் மேல தப்பு. அவ வாணாம்னு தள்ளல. தட்டு திரும்பி வந்துடுச்சி பாரு. தானா வந்து ஒக்காந்துகிச்சி. இதுக்கு மேல இன்னா உத்தரவு வோணும்?” நாலாவது நாற்காலியிலிருந்து புடவையை எடுத்தாள். பிரித்து, தங்கத்தின் தோளில் போர்த்தினாள். கனகாம்பரம் தரையில் விழுந்தது. “ஒங்க அக்கா குடுத்துட்டாடீ. மாசி மொத மூர்த்தம். மாப்ளே, இன்னா சொல்றீங்கோ?”

அரக்குப் புடவை. தங்கம் அதற்குள் சின்னதாகத் தெரிந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீனின் கண் வெந்து வெள்ளையாகியிருந்தது.

“வேண்டாம் அத்தை” என்றேன்.

“இன்னாது?”

“மங்கை கடைசியா பேசினது ஓட்டலைப் பத்தி இல்லை.”

“எங்கையில கடசியா...”

“உங்ககிட்ட அது. அடுத்த நாள் ஆஸ்பத்திரி வண்டியிலே படுக்க வெச்சு உள்ளே தள்ளிக்கிட்டுப் போறப்போ நான் பக்கத்திலே நடந்தேன். நீங்க வெந்நீருக்குப் போயிருந்தீங்க. கதவுகிட்ட வண்டியை நிறுத்தச் சொன்னா. வராண்டாவுல யார் நிக்கறதுன்னு பார்த்தா. பார்த்துட்டு ஒண்ணு சொன்னா.”

“இத்தினி நாளா சொல்லலியே மாப்ளே நீங்க.”

“யாரும் கேக்கலை அத்தை.”

“இப்ப கேக்கறேன். சொல்லுங்க.”

சொன்னேன். மங்கை சொன்னபடியே, அவள் பேச்சிலேயே சொன்னேன். என் குரலில் அது சரியாக வரவில்லை.

சூசைராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை தங்கத்தின் மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். ஆவணிக்குப் பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை அவள் பார்த்திருப்பாளா என்று எனக்குச் சந்தேகம். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தோளிலிருந்து புடவையை எடுத்து மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“மீனு ஆறுது. துன்னு” என்றாள் தங்கத்திடம். மீனின் முள்ளை நீக்கி, கையாலேயே பிட்டு, அவள் தட்டில் வைத்தாள். தங்கம் அழுதுகொண்டே சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். கடல் மீனுக்கு ஒரு ருசி இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை.

மாசி போயிற்று. முகூர்த்தம் பற்றி யாரும் பேசவில்லை. தங்கம் பரீட்சைக்குப் படிக்கிறாள். புடவை அத்தையின் பெட்டியில் இருக்கிறது. வழியில் பார்க்கும்போதெல்லாம் அத்தை என்னை நிறுத்தி, அன்றைக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறாள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். நர்ஸ் அவசரப்படுத்துகிறாள். மங்கை வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வராண்டாவையே பார்க்கிறாள்.

“மொதல்ல தங்கத்த வூட்டுக்கு அனுப்புங்க மாமா. கொயந்த அது. பயந்துக்கும்.”